பின்வரிசையில் முளைத்த இரண்டு பல்லும் இருபது கொண்டை ஊசி வளைவும்

ஏற்காடு நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஆறரை வயது. காலையில் பல் தேய்த்துவிடும்போது, கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, இரண்டு புதுப் பற்கள் எட்டிப் பார்க்கின்றன. முன்னால் இருக்கும் பால் பற்கள் இரண்டும் விழவில்லை. அம்மாயி நூல் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில், "ரெட்டை வரிசை வந்துருச்சு, கம்பி போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்குப் பஸ்ஸில் மலை இறங்கினாலே வாந்தி. உடனே சேலத்துக்குக் கூட்டி வர வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதுதான் கேள்வி.

பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதை வீட்டிலேயே செய்துவிடலாம். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, சுத்தமான பருத்தித் துணியால் அந்தப் பால் பல்லை ஈரம் போகத் துடையுங்கள். ஈரமாக இருந்தால் வழுக்கும், ஆடுகிறதா இல்லையா என்று தெரியாது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். கொஞ்சமாவது ஆடினால் பாதிக் கவலையை அங்கேயே விட்டுவிடலாம். அதன் வேர் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் சில வாரத்தில் தானாக விழுந்துவிடும். கொஞ்சம்கூட ஆடவில்லை, கல்லில் நட்டது போல நிற்கிறது என்றாலும் இன்றைக்கே பஸ் ஏற வேண்டாம். வாரம் ஒருமுறை இதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகியும் அசையவில்லை, பின்னால் வரும் பல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் அப்போது கூட்டி வாருங்கள்.

நான் சேலத்தில் குழந்தைகளுக்குப் பல் பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முழுப் பரீட்சை லீவு விட்டால் இந்தக் கேள்வியோடு வராத நாளே கிடையாது. ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை. பாட்டிலில் பால் கொடுத்ததால் வந்ததல்ல, கால்சியம் குறைந்ததால் வந்ததல்ல, நீங்கள் கர்ப்பத்தில் எதையோ சாப்பிடாமல் விட்டதாலும் அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வரும் தாய்மார்களில் பாதிப் பேர் முதலில் தங்கள் மேல்தான் பழியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஏன் பின்னால் முளைக்கிறது என்பதைப் பார்ப்போம். பால் பல்லுக்கு வேர் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மேலே பல், கீழே ஒரு பள்ளம், ஓரமெல்லாம் சொரசொரப்பு. உண்மையில் பால் பல்லுக்கு நல்ல நீளமான வேர் உண்டு. அடியிலிருந்து நிலைப்பல் வளர்ந்து வரும்போது, அதைச் சுற்றியுள்ள செல்கள் பால் பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. வேர் முழுவதும் கரைந்த பிறகு பிடிமானம் இல்லாமல் பல் விழுகிறது. அதனால்தான் தானாக விழுந்த பல்லில் வேரைப் பார்க்க முடிவதில்லை. வேர் கரையாத பால் பல்லை நாங்கள் எடுத்துக் காட்டும்போது, "ஐயோ, நிலைப்பல்லைப் பிடுங்கிட்டீங்களா?" என்று பதறாத அம்மா அப்பா குறைவு.

முன்பற்களைப் பொறுத்தவரை, நிலைப்பல்லின் முளை தாடை எலும்புக்குள் பால் பல்லுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பதில்லை. கொஞ்சம் பின்னால், நாக்குப் பக்கமாகத்தான் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மேலே வரும்போது முன்பக்கம் சாய்ந்து பால் பல்லின் வேரைத் தொட்டுக் கரைத்தால், பால் பல் விழுந்து அந்த இடத்தில் இது வரும். சாயாமல் நேராக மேலே ஏறினால் வேர் சரியாகக் கரையாது, பால் பல் நிற்கும், இது பின்னால் முளைக்கும். வாழையைப் பார்த்திருப்பீர்கள். தாய் மரம் தார் தள்ளி வெட்டுப்படும் வரை பக்கக் கன்று காத்திருப்பதில்லை, அது பாட்டுக்குப் பக்கத்தில் கிளம்பிவிடும். இதுவும் ஏறக்குறைய அந்தக் கதைதான்.

சரி, பின்னால் முளைத்த பல் முன்னால் எப்படி வரும்? நாக்குதான் தள்ளும். பேசும்போதும் விழுங்கும்போதும் சும்மா இருக்கும்போதும் நாக்கு அந்தப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியிலிருந்து உதடு எதிர்த்துப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சமமான இடம் எதுவோ அங்கே பல் போய் நிற்கும். முன்னால் பால் பல் குறுக்கே நிற்கும் வரைக்கும் பின்பல்லுக்கு வழி இல்லை. அது விலகியதும் இது மெல்ல நகர ஆரம்பிக்கும். புதுப் பல்லின் வேர் இன்னும் முழுதாக வளரவில்லை என்பதும் இதற்கு வசதி. வெளியே வந்த பிறகும் வேர் முடிய ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். பெரும்பாலும் சில மாதங்களில் வரிசைக்கு வந்துவிடும். சிலருக்கு எட்டு வயது வரை இழுக்கும். லேசான கோணல் கொஞ்சம் மிஞ்சலாம். எட்டு வயதில் கீழ் முன்பற்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெருக்கடி இருப்பது சாதாரணம், அதற்காக யாரும் கம்பி போடத் தேவையில்லை.

கம்பி விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். பின்னால் முளைத்ததால் கம்பி வரும் என்று கிடையாது. தாடையில் இடம் போதாவிட்டால் வரும். நாலு முன்பால் பற்களின் மொத்த அகலத்தைவிட, அவற்றின் இடத்துக்கு வரும் நாலு நிலைப்பற்களின் அகலம் கீழே சுமார் 6 மில்லிமீட்டரும் மேலே 7 மில்லிமீட்டருக்கு மேலும் அதிகம். இந்தக் கடனைத் தாடை வளர்ச்சியும், பால் பற்களுக்கு நடுவில் இருந்த சந்தும்தான் அடைக்கின்றன. நாலு வயதில் "பல்லுக்குப் பல் இடைவெளியா இருக்கே டாக்டர், அசிங்கமா இருக்கு" என்று வருவார்கள். அது நல்ல சகுனம்! முத்துக் கோத்தது போல நெருக்கமாக இருக்கும் பால் பல் வரிசையைப் பார்த்தால்தான் எனக்கு யோசனை வரும். உங்கள் பாப்பாவுக்கு நாலு ஐந்து வயதில் எடுத்த சிரித்த போட்டோ போனில் இருந்தால் பாருங்கள், முன்பற்களுக்கு நடுவில் சந்து இருந்ததா என்று. இருந்தால் அது உங்கள் பக்கம் ஒரு நல்ல சாட்சி.

இப்போது அம்மாயியின் நூல். பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் காலத்தில் நூலும் கதவுத் தாழ்ப்பாளும்தான் பல் ஆஸ்பத்திரி. நன்றாக ஆடி, ஒரு ஓரத்துச் சதையில் மட்டும் தொங்கும் பல்லை வீட்டில் எடுப்பதில் தப்பில்லை. சுத்தமான துணியால் பிடித்து லேசாகத் திருகினால் வந்துவிடும். ஆனால் உங்கள் மகளுக்கு நிலைமை வேறு. பின்னால் பல் முளைத்து, முன்பல் ஆடாமல் நிற்கிறது என்றாலே வேர் உள்ளே இருக்கிறது என்று பொருள். நூல் போட்டு இழுத்தால் பாதி வேர் முறிந்து உள்ளே தங்கலாம், ஈறு கிழியலாம். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. நூலில் இழுபட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாயைத் திறக்காது. எங்கள் நாற்காலியில் உட்கார வைக்க, "வா சாமி, சும்மா பார்க்கத்தான்" என்று மூன்று தடவை வரவழைக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. பாப்பாவிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். டிவி பார்க்கும்போது நாக்காலும், கை கழுவிய பிறகு விரலாலும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். கடித்துச் சாப்பிடும் சாமான் கொடுங்கள்: ஏற்காட்டுக் கொய்யா, கேரட், கரும்புத் துண்டு, அவித்த மக்காச்சோளம். பெரிய விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன், ஆடும் பல் கொஞ்சம் சீக்கிரம் விழும், அவ்வளவுதான். சேலத்துத் தட்டுவடை செட்டும் கடிப்பதுதானே என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். கேட்டுக்கொண்டே பேரனுக்கு இரண்டாவது தட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முன்னும் பின்னும் பல் இருப்பதால் நடுவில் சோறு தங்கும், ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். பயந்து தேய்க்காமல் விட்டால்தான் இன்னும் மோசமாகும். மிருதுவான சின்ன பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து பின்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும், துப்பத் தெரிந்த வயதுதான். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை கட்டாயம். புதுப் பல் வர வேண்டிய இடத்தில் ஈறு நீலமாக, ஒரு சின்ன நாவற்பழம் போல உப்பியிருந்தால் அதையும் கண்டு அலற வேண்டாம். பல்லைச் சுற்றி ரத்தம் கலந்த நீர் கோத்திருக்கிறது. பல் வெளியே வந்ததும் தானாகப் போய்விடும். அதைக் கீறிவிடாதீர்கள்.

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் கீழ் முன்பற்களுக்கு. மேல்வரிசையில் இதே மாதிரி நடந்தால் நான் இவ்வளவு நிதானமாகப் பேச மாட்டேன். மேலே முன்பல் ஏழு எட்டு வயதில் வரும். அது அண்ணத்துப் பக்கமாக முளைத்து, வாய் மூடும்போது கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் நாக்கால் தள்ளி வெளியே கொண்டுவர முடியாது. கீழ்ப்பல் அதைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். நாள் போகப் போகக் கீழ்ப்பல்லின் ஈறு இறங்கும், தாடை ஒரு பக்கமாக நழுவிக் கடிக்கும் பழக்கம் வரும். சீக்கிரம் வந்தால் எளிதான வேலை. சில சமயம் ஐஸ் குச்சி போன்ற ஒரு மரக்குச்சியைக் கடித்துப் பயிற்சி செய்யச் சொல்லிக் கொடுத்தே சரிசெய்துவிடுவோம். எங்களிடம் காட்டிக் கேட்காமல் அதை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். மேலே நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் கூம்பு மாதிரி ஒரு குட்டிப் பல் வந்தாலும் உடனே காட்ட வேண்டும். அது கணக்கில் இல்லாத கூடுதல் பல். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

அதே போல, கீழே இருந்தாலும் காத்திருக்கக் கூடாத சமயம் சில உண்டு. வலியால் சாப்பிட மறுத்தால், ஈறில் சீழ்க் கொப்புளம் கண்டால், கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாருங்கள். பிள்ளை எப்போதோ கீழே விழுந்து, அந்தப் பால் பல் அடிபட்டு நிறம் மங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம், சீக்கிரமே காட்டிவிடுங்கள். அடிபட்டுச் செத்த பல்லின் வேர் ஒழுங்காகக் கரையாது. ஒரு பக்கம் பல் விழுந்து புதுப் பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கத்துப் பல் அப்படியே நின்றால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

எடுக்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவி, தேவைப்பட்டால் சின்ன ஊசி போட்டு எடுப்போம். எடுக்கும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளையைப் பேச வைத்து உட்கார வைக்கத்தான் கால் மணி நேரம் ஆகும். அப்புறம் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம். அன்றைக்கு வாயை வேகமாகக் கொப்பளிக்கவோ துப்பிக்கொண்டே இருக்கவோ கூடாது, உறைந்த ரத்தம் கலைந்துவிடும். ஐஸ்கிரீம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அன்றைக்கு அது மருந்து. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஊசி போட்டிருந்தால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருக்கும், கடித்துப் பார்க்கும். மறுநாள் உதடு வடை மாதிரி வீங்கியிருக்கும். பல் எடுத்த இடத்தில் வலியே இருக்காது, உதட்டுப் புண்ணுக்காக அழும். மலை ஏறிப் போகும்போது பாப்பா பஸ்ஸில் தூங்கிவிட்டால்கூட உதட்டைக் கடிக்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று இன்னமும் சொல்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அவ்வளவுதான், இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவதை மட்டும் நிறுத்தாதீர்கள், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. தகர ஷீட்டில் விழுந்து "டங்" என்று சத்தம் கேட்டதும் அழுகை நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல் வரிசையில் இடமில்லை என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் ஆடாத பால் பற்களையும் சேர்த்து எடுக்கச் சொன்னால், எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்கே அப்படி நடந்தது. எந்த ஊர், எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. இரண்டு பல்லுக்கு இடம் வேண்டும் என்று பக்கத்துப் பற்கள் இரண்டையும், கோரைப் பால் பற்கள் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு முன்பல் நேரானது போலத்தான் இருந்தது. பிறகு முன்வரிசை முழுவதும் உள்பக்கமாகச் சாய்ந்து, நிலைக் கோரைப்பல் வரும் பத்து வயதில் அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. பால் பற்களைத் திட்டமிட்டு வரிசையாக எடுக்கும் வைத்தியமும் உண்டுதான், அது பல வருடத்துக்கான திட்டம். ஒரு நாளில் அவசரத்துக்கு எடுக்கும் முடிவல்ல.

இன்னும் சில நாளில் நீங்கள் கேட்கப் போகும் கேள்விகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். புதுப் பல் மஞ்சளாகத் தெரியும். பால் பல் பால் போல வெளுப்பு. நிலைப்பல்லின் உள்பகுதி மஞ்சள் கூடியது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுக்குப் போலத் தோன்றும். தேங்காய் நார், உப்பு, கரித்தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம். புதுப் பல்லின் நுனி ரம்பம் மாதிரி மூன்று மேடாக இருக்கும். கடிக்கக் கடிக்கத் தேய்ந்து சமமாகிவிடும். மேல் முன்பற்கள் வந்தால் நடுவில் சந்து விட்டு இரு பக்கமும் விரிந்து நிற்கும். பதினொன்று பன்னிரண்டு வயதில் மேல் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்து மூடிக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளையை அந்தச் சந்துக்காகக் கம்பி போடக் கூட்டி வருகிறவர்களைப் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புகிறேன். அதே கோரைப்பல்லுக்கு இடம் போதாமல் மேலே ஏறி நின்றால் நம் ஊரில் தெத்துப்பல் என்று பெயர் வைத்து, அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிடுவார்கள்.

சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு இவை இருந்தால் அது வேறு கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தில் சில இடங்கள் என்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்கள் நம்மைச் சுற்றி நிறைய. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். முன்பல்லின் எனாமல் பிறந்த மூன்று நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயது வரை உருவாகும். ஆகவே ஆறு வயதில் வெளியே வரும் பல்லில் தெரிவது, பிள்ளை தவழ்ந்து நடந்த காலத்தில் குடித்த தண்ணீரின் கணக்கு. அந்த வயதில் பாப்பா கீழே எங்காவது போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்திருந்தால் வரும்போது சொல்லுங்கள்.

கடைசியாக, என்னிடம் வரும் பெரும்பாலோர் கேட்காத ஒரு விஷயம். முன்னால் முளைக்கும் பல்லை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே ஆறு வயதில் பின்னால், கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நாலு பெரிய நிலைப்பற்கள் சத்தமில்லாமல் வருகின்றன. அவற்றுக்கு முன்னோடி கிடையாது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. கண்ணில் பட்டாலும் "பால் பல்தானே, விழுந்துரும்" என்று நினைத்துவிடுகிறார்கள். விழாது. எழுபது வயது வரை முறுக்கு கடிக்க வேண்டிய பல் அது. அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பாதி வெளியே வந்த நிலையில் பிரஷ் எட்டாது, சொத்தை முதலில் பிடிப்பது அதைத்தான். பத்து வயதில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலையில் வரும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். கூட்டி வரும் அம்மாக்கள், "பால் பல்லுதான டாக்டர், எடுத்துருங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு வரும் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசப் பல வருடம் பழக வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப் பற்களும் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. "விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?" என்று சொத்தையை விட்டுவிட்டு முன்கூட்டியே இழந்தால், பின்னால் வரும் ஆறு வயதுப் பல் முன்னோக்கி நழுவி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பால் கடைவாய்ப் பற்கள் அவற்றுக்குப் பதில் வரும் பற்களைவிட அகலமானவை. கோரைப்பல்லையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கீழே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் மிச்சம் கிடைக்கும். வீட்டுக்காரர் சேர்த்து வைத்த சில்லறைப் பணம் மாதிரி அது. பின்னால் நெருக்கடி வரும்போது அதுதான் கைகொடுக்கும். கம்பி போட வேண்டி வருமா என்ற பக்கத்து வீட்டு பயத்துக்கு உண்மையான பதில் முன்பல்லில் இல்லை, இந்தப் பின்பற்களில் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது: முன்பல்லுக்காக இப்போது இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைத்து, ஒரே கோணத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தேதி போனிலேயே இருக்கும். நான் வாயைப் பார்ப்பதைவிட அந்த நாலு போட்டோவில் அதிகம் தெரிந்துகொள்வேன். பள்ளிக்கூடத்துக்கு ஆரோக்கியப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழு பற்களையும் பார்ப்பார்கள், அவர்களிடமும் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது, வேறு வேலையாக ஊருக்கு வரும்போது அங்கேயும் காட்டலாம். வரும்போது காலையில் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு கிளம்புங்கள், ஜன்னல் ஓரம், டிரைவருக்குப் பக்கத்து வரிசையில்.

இன்று ராத்திரி பல் தேய்த்துவிடும்போது, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். ஈறுக்கு நடுவில் கூர்மையாக, மேடு பள்ளமாக ஏதாவது தட்டுப்பட்டால் ஆறு வயதுப் பல் வந்துவிட்டது. பிரஷ்ஷைக் குறுக்காகப் பிடித்து அதை மட்டும் தனியாகத் தேய்க்கத் தொடங்குங்கள். அது முழுதாக வெளியே வந்ததும் பள்ளங்களை அடைக்கும் பூச்சு ஒன்று போடலாம். வலியில்லை, ஊசியில்லை, ஒரு பல்லுக்கு ஐந்து நிமிடம். அந்த வேலைக்கு ஒருநாள் கட்டாயம் இறங்கி வாருங்கள். அன்றைக்கே முன்பல்லையும் பார்த்துவிடுவோம். அதற்குள் அது அநேகமாக உங்கள் வீட்டுக் கூரை மேல் போய்ச் சேர்ந்திருக்கும்.